சம்பந்தி வீட்டாரின் படைப்பிரிவு

என் அண்டை வீட்டுக்காரர் தன் மகளின் கல்யாணத்துக்காக என்னிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்டார். பையன் வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்ல வேண்டும். இருவரும் குடியேறி வந்த இந்த நாட்டில், தகனினி என்னும் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர். மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பக்கத்து ஊரான புக்கெகோஹியில் வெங்காயமும் கேரட்டும் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். நான் சென்னையில் ஒரு நாளிதழில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவன்.

“நீங்க பேப்பர்ல இருந்தவரு அண்ணே. விசாரிக்கிறது ஒங்களுக்குப் பெரிய வேலையா என்ன?” என்றார்.

பெண் கொடுக்கும் முன் ஆள் விட்டு விசாரிப்பது எல்லா ஊர்த் தமிழருக்கும் உள்ள வழக்கம். ஆனால் பையன் ஜப்பானியன். பெற்றோர் ஜப்பானில் இருந்தார்கள். இங்கே கேட்பதற்கு ஒரு பெரியப்பா கிடையாது, கோயில் கமிட்டிக்காரர் கிடையாது. அவர் தெரிந்துகொள்ள நினைத்ததும் வேலையோ குடிப்பழக்கமோ அல்ல. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா மலேசியா ஜப்பான்காரர் பிடியில் இருந்த காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் மண்டோர் என்ற கங்காணி பெயர் வாசித்தான், லாரி வந்து நின்றது, ஏறினார். அவ்வளவுதான் குடும்பத்துக்குத் தெரியும். படம் இல்லை. இறந்த நாள் தெரியாததால் தீபாவளிக்கு முந்தின நாள் படையலில்தான் அவருக்கும் ஓர் இலை.

பையன் எதையும் மறைக்கவில்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தா போரில் இருந்தவர். உறவினர் விண்ணப்பித்தால் அவர்கள் ஊர் அரசு அலுவலகம் பணிப்பதிவின் நகல் தருமாம். அதை வாங்கி வைத்திருந்த பையனின் அப்பா, மகன் கேட்டதும் அனுப்பிவிட்டார். அவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அண்டை வீட்டாரின் மகளிடம் கொடுத்திருந்தான். அவர் அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். ரெஜிமென்ட், டிவிஷன், அதற்கு மேல் பதினைந்தாவது ஆர்மி. இடம்: பர்மா.

“ரயில் ரோடு போட்ட கூட்டமா இவங்க?” என்று கேட்டார்.

அச்சுக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது பதில் சொல்வதைப் போலச் சொன்னேன். “பர்மாவுல இருந்த படைதான். பாதை அங்கதான போச்சு. அவங்க பொறுப்புலதான் இருந்திருக்கும்.”

அவர் தாளை வந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பையனின் பெற்றோர் விமானச் சீட்டு எடுத்துவிட்டார்கள். அவர்கள் வந்ததும் எல்லோரும் சேர்ந்து மதிய உணவு என்று பேசி வைத்திருந்தார்கள். அது வேண்டாம் என்று அண்டை வீட்டார் சொல்லிவிட்டார். மகள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு எப்சமில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. அப்பாவிடம் என்ன சொன்னீர்கள், எதைப் படித்துச் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. எதையும் படிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் படித்தேன். நூலகத்தில் இரண்டு நாள். ஜப்பானியர் தம் படைகளை அடுக்கிய விதம் பிரிட்டிஷ்காரர் அடுக்கிய விதம் அல்ல. பிரிட்டிஷ் படையில் சில டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். பல கோர்கள் சேர்ந்தால்தான் ஆர்மி. ஜப்பானியரிடம் கோர் என்ற படி இல்லை. டிவிஷன்கள் நேராக ஆர்மிக்குக் கீழே வரும். அதாவது அவர்களுடைய ஆர்மி, அளவில் மற்றவர்களின் கோர்தான். அதற்கு மேல் ஒரு பிரதேசத்துக்கான தலைமை. அதற்கும் மேல் தென்கிழக்கு ஆசியா முழுவதற்குமான தென்பெரும்படை. அதன் மேலே டோக்கியோ. பதினைந்தாவது ஆர்மி பர்மா பிரதேசத் தலைமைக்குக் கீழே, பர்மாவின் மேற்கு எல்லையில் சண்டையிட்டது. ரயில் பாதை போட்ட ரயில்வே ரெஜிமென்ட்டுகள் அந்தத் தலைமைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவை தென்பெரும்படையின் நேரடிப் பொறுப்பில் இருந்தன. நான் வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தேன். கட்டளை எந்த வழியாகப் போனது என்று பார்க்கவில்லை.

ஏ4 தாளில் கட்டங்கள் போட்டு, கட்டளைக் கோடுகளை வரைந்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மருத்துவமனைப் பணிக்குப் போயிருந்தார். அவர் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். பிறகு தாளை விரித்துக் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நாள் முழுக்க ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிறவருக்கு யார் கீழ் யார் என்பதில் குழப்பம் வரவில்லை.

“அப்ப பையனோட ஆளு ரயில் ரோட்டுல இல்ல.”

“இல்ல.”

அவருடைய விரல் இரண்டு கோடுகளிலும் மெல்ல மேலே போனது.

“மேல போயி ஒரே எடத்துலதான் சேருது, என்னா?”

ஆமா என்றேன்.

“சரி. ரோடு போட்டு முடிச்சாங்க. அந்த ரயிலு யாருக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போச்சு?”

என் தாளில் கட்டளைக் கோடுகள் மட்டுமே இருந்தன. அரிசியும் குண்டும் போன கோட்டை நான் வரையவில்லை. பதில் தெரியாமல் இல்லை. நூலகத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“பர்மாவுல இருந்த படைகளுக்கு.”

“இதுக்குமா?” பதினைந்து என்று எழுதிய கட்டத்தின் மேல் விரல் இருந்தது.

“இதுக்கும்தான்.”

என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். ரயில் பாதைக் கட்டத்திலிருந்து பதினைந்தாவது ஆர்மிக்கு ஒரு கோடு போட்டார். அளவுகோல் வைத்ததைப் போல நேராக இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்போதே மகளைக் கூப்பிட்டார். அந்த மதியச் சாப்பாடு நடக்கட்டும், அவர்களை வரச் சொல், எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது என்றார். என்னவென்று அவள் கேட்டிருக்க வேண்டும். வந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார்.

“நீங்க இல்லாம எப்படி அண்ணே. விசாரிச்சவரு நீங்கதான லா,” என்றார். சிரிக்கவில்லை.

எப்சமில் ஓர் உணவகம். பையனின் அப்பா என் வயதுக்காரர், மெலிந்தவர். எழுந்து நின்று நெடுநேரம் குனிந்து வணங்கினார். அவருடைய மனைவி எதையும் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டில் அண்டை வீட்டார் பையனின் அப்பாவிடம் கேட்டார்: உங்கள் தாத்தா அந்த ரயிலைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா? தமிழில் கேட்டதை மகள் ஆங்கிலமாக்கினாள். பையன் ஜப்பானிய மொழியில் சொன்னான். பதில் அதே வழியில் திரும்பி வர நேரமாயிற்று.

போரைப் பற்றித் தாத்தா வீட்டில் பேசியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறார். எல்லையிலிருந்து பின்வாங்கியபோது அவரால் நடக்க முடியவில்லை; காய்ச்சல். அந்த ரயிலில் சரக்குப் பெட்டியின் தரையில் கிடத்தித்தான் சயாமுக்குக் கொண்டுவந்தார்கள். கூட நடந்தவர்கள் யாரும் ஊர் திரும்பவில்லை.

அண்டை வீட்டார் தண்ணீர் குடித்தார்.

“அப்ப அவரு வீட்டுக்கு வந்தது எங்க தாத்தா போட்ட ரோட்டுலதான்,” என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். மொழிபெயர்க்கவில்லை. பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் தலை குனிந்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டது, எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் போட்டது. அண்டை வீட்டார் தன் தட்டில் மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். நிதானமாகத்தான் சாப்பிட்டார்.

“கல்யாணத் தேதி என்னைக்குன்னு கேளு,” என்றார் மகளிடம். “வெங்காய சீசன்ல எனக்கு லீவு கெடைக்காது.”

அதை மட்டும் அவள் மொழிபெயர்த்தாள்.