பேஸ் மாறிய இடம்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எண்பதுகளில் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் நாங்கள் மூவர் ஜாஸ் வாசித்தோம். பியானோ நான், பேஸ் கித்தார் செல்வம், டிரம்ஸ் ரஹீம். நாங்கள் பதிவு செய்து வெளியிட்ட கேசட்டில் ஓரிடத்தில் பேஸ் தடம் மாறியது. எல்லார் முன்னும் செல்வத்தைத் திட்டினேன். அவர் கித்தாரைத் துடைத்து உறையில் வைத்தார்.

சில வருடம் கழித்து கிள்ளானில் ஒரு கல்யாணம். கீபோர்டு வாசித்த பெண் எங்கள் மெட்டை அந்தத் தவறோடு அப்படியே வாசித்தாள்.

"பேஸ் அங்க தப்பும்மா," என்றேன்.

"இல்ல அங்கிள், கேசட்ல பியானோகாரருக்குத்தான் கை தவறுது. பேஸ் உடனே மாறிக் காப்பாத்துது லா. அந்த இடத்துக்காகவே கத்துக்கிட்டேன்."

அன்றிரவே கேசட்டைப் போட்டுக் கேட்டேன்; அவள் சொன்னதுதான் சரி. மறுநாளே பிரிக்பீல்ட்ஸில் செல்வம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இப்பவாச்சும் பேஸைக் கேட்டீங்களே, அண்ணே," என்று சிரித்தார்.

ஆறு வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவர். நான் என்னை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.