தபாலோடு ஓடியவரை மறித்தது நான்தான்

பேய்க்கதையை யாராவது தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிறவள் நான். செத்தவர்களை நிறையப் பார்த்து வளர்ந்தவள், ஒருவரும் திரும்பி வந்து நான் கண்டதில்லை. இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம். போங்கள். நடந்ததில் ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன்.

மொன்றியலில் ஒரு பூங்காவின் கண்ணாடி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. போன மாசியில் அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். வெள்ளைக்காரர் இலங்கையை ஆண்டபோது, அரசாங்கத் தோட்டத்துக் கன்றுகளையும் விதைகளையும் அரசாங்கத் தபாலில் ஊர் ஊராக அனுப்பிய கதை. நல்ல பாதையில்லாத இடங்களில் தபால் மூட்டையைத் தலையில் வைத்து ஆட்கள் ஓடினார்களாம், பிந்தினால் தண்டனையாம். அவர்கள் பிடித்து ஓடிய மணி கட்டிய கோல் ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி இருந்தது. சுவரில் தோட்ட அதிகாரியின் படம், தபால் அதிகாரியின் படம், கீழே பெரிய பெரிய பெயர்கள். ஓடியவர்களுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. முதல் நாளே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் பனிப்புயல். பார்க்க வந்தவர்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். என்னோடு நின்றவர் பராமரிப்பு வேலை செய்கிற குகன் அண்ணை மட்டும்தான்.

"மலர், நான் வாசல் பனியைத் தள்ளிப்போட்டு வாறன். நீர் தண்ணியை விட்டு முடிச்சுவிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. நான் போய்ப் பெட்டியைப் பார்த்தேன், பூட்டியபடி இருந்தது, கோலில் ஒரு மணியும் அசையவில்லை. ஆனால் சத்தம் மட்டும் பனைகளுக்கு நடுவில் போகிற பாதையால் என்னை நோக்கி வந்தது, கூடவே வெறுங்கால் அடிபடுகிற சத்தமும் வந்தது, பிறகு ஆளே வந்தார். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஈரச்சாக்கு மூட்டை, அதற்குள்ளிருந்து கன்றுகளின் இலைகள் எட்டிப் பார்த்தன. என்னை உரசிக்கொண்டு ஓடி, பூட்டிய கதவடியில் இல்லாமல் போனார். உடனே பாதையின் மறுமுனையிலிருந்து திரும்பவும் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், ஆளைக் காணவில்லை, ஒரு குரல் மட்டும் இங்கிலீசில், "லேட், லேட்" என்று விரட்டியது.

பயந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் இருமினார் பாருங்கள், நெஞ்சு பிளக்கிற இருமல், இருமிக்கொண்டே ஓடினார், அதைக் கேட்டதும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது நடுப்பாதையில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"நில்லுங்கோ அண்ணை! ஓடினது காணும், இனி ஓட வேண்டாம்."

நின்றார். கண்ணெல்லாம் வியர்வை. "பிந்திப்போடும் தாயே" என்றார், தமிழில். "வேலை போயிடும்."

"போனால் போகட்டும். இறக்கி வையுங்கோ."

யார் நிறுத்தச் சொன்னது என்று அந்தக் குரல் என் காதோரம் அதட்டியது. "நான் மறிச்சனான்! என்ன செய்யப் போறீர்?" என்று கண்ணாடி அதிரக் கத்தினேன். நம்பினால் நம்புங்கள், ஓடி வந்தவர் மூட்டையை என் காலடியில் வைத்தார். கழுத்தை ஒருமுறை இரண்டு பக்கமும் திருப்பினார், ஏதோ அன்றைக்குத்தான் அது தன்னுடைய கழுத்து என்று தெரிந்ததுபோல. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவரும் இல்லை, மூட்டையும் இல்லை.

குகன் அண்ணை பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கண்காட்சியில நடிக்கிறவங்களுக்கு விசரே? ஒருத்தன் செருப்பும் இல்லாமல் வெளியில போறான். கூப்பிட்டன், திரும்பியும் பார்க்கேல்லை. ஆறுதலா, ஒரு அவசரமும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு நடந்து போறான்."

கண்காட்சியில் நடிகர்கள் யாரும் இல்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார்.

"பின்னால தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து, அவன் எந்தப் பக்கம் போனவன் எண்டு கேட்டார். ஆளின்ரை முகம் பிடிக்கேல்லை, மற்றப் பக்கத்தைக் காட்டிவிட்டன்."

"நல்ல வேலை செய்தியள் அண்ணை."

"பேந்து, அவனை மறிச்ச பொம்பிளையின்ரை பேர் என்ன எண்டு கேட்டார். உள்ள நீர் மட்டும்தானே நிண்டனீர், மலர் எண்டு சொன்னனான். ஏன், சொல்லக்கூடாதோ?"

கண்காட்சி முடிந்து எல்லாச் சாமான்களும் போய்விட்டன. வேறு இடத்தில் வேலை தேடு என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் போகவில்லை. சில பின்னேரங்களில் தண்ணீர்க் குழாயைப் பூட்டியதும், பனைகளுக்குப் பின்னால் நின்று யாரோ வாயில் நுழையாத பெயரொன்றைச் சொல்லிப் பழகுவது கேட்கிறது. "மா... லா... மலா..." ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியாக வருகிறது. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் உரக்கச் சொல்வேன்:

"மலர்! இஞ்சதான் நிக்கிறன், வாரும்."