கேம் ஏற்றித் தந்தவர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடை வைத்திருந்தார் அவர். நெற்றி நிறைய விபூதி, சுண்டுவிரலில் மட்டும் நீள நகம். வீட்டில் சிக்னல் சரியில்லாததால், ஒரு கார் ரேஸ் கேமை டவுன்லோட் செய்யச் சொல்லி என் போனைக் கொடுத்தேன். பாஸ்வேர்டையும் நானே சொன்னேன்.

கேம் இறங்கும்வரை என் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அந்த நகம் என் மனைவியின் முகத்தில் நின்றது. பெரிதாக்கினார்.

"இன்னா சார், வீட்டுக்காரம்மாவா?"

போனைப் பிடுங்கினேன். அப்போது அவருடைய போன் அடித்தது. பழைய பட்டன் போன்.

"நீங்க டச் போன் வெச்சிக்கலையா?"

"எங்க வீட்ல எல்லாருக்குமே பட்டன் போன்தான் சார். டச் போனுன்னா என்னிக்காவது கடைல குடுத்தாவணும். கண்டவனும் பாப்பான்."

எனக்குப் புத்தி சொல்வதுபோல, அக்கறையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து திரையை மூன்று முறை துடைத்தேன். கேமை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.