வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ போனேன். தனியாகத்தான். மனைவி போன பிறகு எனக்கு எல்லாமே தனியாகத்தான்... அதை விடுங்கள்.

நம்ம சங்கரன்கோவில் தியேட்டரில் அப்படி ஒரு கூட்டம். பனவடலிசத்திரத்திலிருந்து டிராக்டரில் வந்து இறங்குகிறார்கள். கதை? உங்களுக்குத் தெரிந்ததுதான். சொத்தைப் பிரித்துக் கொடுத்த அப்பாவைப் பிள்ளைகள் வீட்டை விட்டு விரட்டுகிறார்கள். அவர் மழையில் நனைந்தபடி நடக்கிறார். நம் சினிமாவில் எந்த அப்பாவாவது வெயில் காலத்தில் வெளியேறியிருக்கிறாரா?

பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். எனக்குப் பக்கத்து சீட்டில் அடுத்த வீட்டுக் கோமதிநாயகம். துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினான். மனைவி, பிள்ளைகள், மைத்துனி என்று குடும்பத்தோடு வந்திருந்தான்.

இடைவேளையில் கேட்டேன். "அப்பாவைக் கூட்டிட்டு வரலையா?"

"வீட்டுக்கு ஒரு ஆளு வேணும்லா சார்," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எங்கள் தெரு வழக்கம் அது. எல்லாரும் சினிமாவுக்குக் கிளம்பினால் வயசாளியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போவார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. யாருமில்லாத நான் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். அவனுக்குப் பூட்டு எதற்கு — அப்பா இருக்கிறாரே.

மறுநாள் காலை அந்தப் பெரியவர் என் வாசலுக்கு வந்தார். முந்தின நாள் அவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றதை நான் பார்த்திருந்தேன். சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"படம் என்ன கதை வே? வீட்ல கேட்டா சும்மா அடிதடிப் படம்ங்காவ."

நானாவது யாரும் இல்லாமல் தனி ஆள். இவர் வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கதை கேட்க என்னிடம் வந்து நிற்கிறார். பொய் சொல்ல மனசு வரவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். விரட்டியது, மழை, கடைசியில் பிள்ளைகள் காலில் விழுந்து கதறியது, தியேட்டரே கைதட்டியது...

அழுவார் என்று நினைத்தேன். அவரோ அந்தக் காலில் விழுந்த சீனைக் காதிலேயே வாங்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"அந்தாள வெரட்டின பொறவு, அவுக எல்லாரும் சினிமாவுக்குப் போனா வீட்டுக்கு யாரு வே காவலு?"

"அதைக் காட்டலையே..."

"அதைல்லா வே காட்டணும்," என்றார்.