கல் பொட்டு வைத்த பட்டன்

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவு. அம்மாவின் தங்கை, என் சித்தி, பழங்காநத்தத்தில் ஒரு டிசைன் கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவளோடு போவேன். சாயங்காலம் அவளோடு வருவேன்.

சித்தியிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் காதுக்குப் பக்கத்தில் பார்ப்பாள், எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல. நானும் திரும்பிப் பார்ப்பேன். சுவர்தான் இருக்கும்.

மவுஸை அவள் தொட்டதே இல்லை. கடையில் எழுத ஒரு சாஃப்ட்வேர், படம் வெட்ட ஒன்று, பிளக்ஸ் போட ஒன்று. எதில் போனாலும் அவளுக்கு அதே பட்டன் அதே வேலையைச் செய்ய வேண்டும். ஓனர் புதிதாக எதையாவது ஏற்றினால் முதல் நாள் முழுக்க உட்கார்ந்து அதைத் தன் வழிக்கு மாற்றுவாள்.

"வீடு மாறுனாலும் அடுப்ப அதே மூலையிலதான் வைப்ப போல" என்பார் ஓனர்.

"ஆமாண்ணே. கை தேடக் கூடாதுல்ல."

மத்தியானம் ஓனர் சாப்பிடப் போனதும் கண் கூசுகிறது என்று மானிட்டரை அணைத்துவிடுவாள். கறுத்துக் கிடக்கும் திரைக்கு முன்னால் தட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் மானிட்டரைப் போட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகை முழுதாக நின்றது.

"யாரு சித்தி அடிச்சது?"

"உள்ள ஒருத்தி இருக்கா. நான் சும்மா துணைக்கு உக்காந்திருக்கேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காய்ச்சல் அடித்தாலும் லீவு போட மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "இந்த நாற்காலி போச்சுன்னா உங்காத்தா வீட்டு மூலைதான்டி எனக்கு" என்றாள்.

கீபோர்டின் மேல் வரிசையில் இரண்டு பட்டன்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். ஒன்று கல் பொட்டு. ஒன்று நீளப் பொட்டு. அழகுக்கு ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது இரண்டையும் உரித்து நெற்றியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகத் திரும்ப ஒட்டினேன். எது எங்கே இருந்தது என்று ஞாபகமில்லை.

வந்து உட்கார்ந்தவள், "உன் காதுகுத்து பிளக்ஸுதான்டி இப்ப" என்றாள். மானிட்டர் அணைந்தே இருந்தது. விரல் கல் பொட்டைத் தேடி அமுக்கியது. பெயர், தேதி, படம். பட்டன் திறக்கும் எல்லா மாடலிலும் நிரப்புவது அதே வரிசைதான். எங்கும் இடறவில்லை. அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சுருட்டிய பிளக்ஸ் கடைக்கு வந்தது. வாங்கிப் போக மாமா வந்திருந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தரையில் விரித்தார்.

கறுப்பு வெள்ளையில் என் முகம். சுற்றி மாலை. மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே என் பெயர். மறைவு என்ற இடத்தில் காதுகுத்துத் தேதி, வரப்போகும் வெள்ளிக்கிழமை.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"ஏன்டி, பிள்ளை உசுரோட நிக்கிது" என்றார் மாமா. "மடியில வச்சுக் காது குத்தப் போறவன் நான். எங்கிட்டயாடி இதக் குடுக்குற?"

ஓனர் மெதுவாகக் கேட்டார். "ஏத்தா, இம்புட்டுப் பெரிய எழுத்து கண்ணுக்குத் தெரியலையா?"

சித்தியின் விரல்கள் மேல் வரிசையில் ஊர்ந்தன. பொட்டுகளைத் தடவின. நின்றன. முகத்தைத் திருப்பி எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தாண்ணே மாத்தி அமுக்கிட்டேன்."

ஓனர் கீபோர்டைத் தள்ளி வைத்தார். மவுஸை அவள் கையில் கொடுத்தார். "இதப் பிடிச்சு அந்த ஓரத்துல இருக்கிற பெருக்கல் குறியில வை பாப்போம்."

அம்பு திரை முழுக்க அலைந்தது. மேலே போனது, கீழே வந்தது, குறியை உரசிவிட்டுப் போனது. பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட குருவிபோல. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சித்தி எழுந்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு நேரே பார்த்தால் நடு மட்டும் தெரியாது. ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் பார்வையை ஒதுக்கி ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். கல் பொட்டு விசேஷ மாடலுக்கு, நீளப் பொட்டு அஞ்சலி மாடலுக்கு, விரல் தடவிக் கண்டுபிடிக்க ஒட்டிய அடையாளம். இதெல்லாம் நான் வயசுக்கு வந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பொட்டை நான் தொட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை செத்துவிடுவேன் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பிளக்ஸ் இல்லாத காதுகுத்து. நான் சாகவில்லை.

கூட்டம் சாப்பிடப் போனதும் சித்தி பக்கத்தில் வந்தாள். கட்டைவிரலால் என் நெற்றியைத் தடவி நடுவைக் கண்டுபிடித்தாள். கல் பொட்டை ஒட்டினாள். ஓரத்தில் என் நகம் பட்டு மடங்கிய அதே பொட்டு.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனாடி?" என்றாள், என் காதுக்குப் பக்கத்தில் பார்த்து.

யாரிடம் கேட்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.