மாமா கீறிய மாதா

எங்கள் கோயில் பீடத்துக்கு மேலிருந்த மாதா படம் வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் முன்னொரு காலத்தில் கப்பலில் கொண்டுவந்தது. முல்லைத்தீவுக் கடற்காற்றில் அதன் முகம் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. மெட்ராஸில் சித்திரம் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, விடுமுறைக்கு வந்தபோது புதுப்படம் ஒன்று வரைந்து தரும்படி பங்குச் சுவாமி கேட்டார். எனக்கு அப்போது ஏழு வயது.

பழைய படத்தைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

“வெள்ளைக்காரன்ர படத்தைப் பாத்துக் கீறின காலம் முடிஞ்சுது அக்கா. இப்ப மெட்ராஸிலை எங்கட பழைய சைவக் கோயில் சுவரிலை இருக்கிற சித்திரங்களையும், வயலிலை நிக்கிற பொம்பிளையளையும் பாத்துத்தான் கீறுகினம்.”

“எதையெண்டாலும் வடிவாக் கீறு” என்றுவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டார். படகும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியாரின் கடற்கரை வாடியில் கருவாடு காயவைப்பதுதான் அவருடைய வேலை. கைக்குழந்தையான என் தம்பியை இடுப்பில் வைத்தபடியே மீனைப் புரட்டுவார். மாமா கொப்பியும் பென்சிலுமாக அம்மாவின் பின்னால் திரிந்தார்.

திருநாளன்று பூசைக்கு முன் சுவாமி புதுப்படத்தை மூடியிருந்த சீலையை விலக்கினார். தடித்த கறுப்புக் கோடுகள். தூரம், கிட்ட என்று ஒன்றுமில்லாமல் ஒரே பச்சையாகக் கடல். மண்ணிறத்தில் மாதா, கண்கள் காதுவரை நீண்டிருந்தன. இடுப்பில் இருந்த யேசுபாலனுக்கு அரைஞாண் கயிறு. சனம் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் பெருமை தாங்காமல் கத்தினேன்:

“எங்கட அம்மா!”

முன்வரிசையில் சம்மாட்டியாரின் மனைவி எழுந்தார்.

“எனக்குக் கருவாடு காயப்போடுறவளுக்கு முன்னாலையோ நான் முழந்தாளிடுறது?”

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த நாள் வாடியில் அவருக்கு வேலை இல்லை என்றார்கள்.

“முகத்தை மாத்தடா” என்றார் அம்மா.

“மாத்தினால் படம் செத்துப்போம் அக்கா.”

“மாத்தாட்டி நாங்கள் என்னத்தைத் தின்னுறது?”

மாமா தானே போய்ப் படத்தைக் கழற்றி, கோயிலின் பின்னறையில் சுவரைப் பார்க்கச் சாத்திவைத்தார். பழைய படம் திரும்பவும் ஏறியது. அம்மாவுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. மாமா தலைமன்னாரில் கப்பலேறி மெட்ராஸுக்குத் திரும்பிப் போனார். அடுத்த விடுமுறைக்கு அவர் வரவில்லை.

சனிக்கிழமைகளில் கோயில் கூட்டுவது அம்மாவின் முறை. ஒருநாள் அவரைத் தேடிக்கொண்டு போனேன். பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. படத்தைத் திருப்பி வைத்து, விளக்குமாறும் கையுமாக அதன் முன்னால் நின்றிருந்தார். ஒரு விரல் அந்தக் கன்னத்துக் கோட்டின் வழியே மெல்லப் போயிற்று. செபம் சொல்கிறார் என்று நினைத்து நானும் வாசலில் முழந்தாளிட்டேன். சிலுவை அடையாளம் போடுவார், நானும் போடலாம் என்று காத்திருந்தேன். அவர் போடவில்லை. படத்தைத் திருப்பிச் சாத்திவிட்டு, “வா, போவம்” என்றார்.

அவ்வளவு நேரம் நின்றும் மாதாவிடம் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.