திரும்பி வந்த போத்தல்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெறும் போத்தல் நிற்கிறது. அதில் எண்ணெயோ தேனோ ஊற்ற நான் யாரையும் விடுவதில்லை. "வாப்பாக்கு இது யாரு குடுத்த சீதனமோ" என்று மகள் கேலி செய்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொழும்பிலிருந்து வந்த அந்த டொக்டரின் கடுகடுத்த முகம் நினைவுக்கு வரும்.

அப்போது எல்கடுவ மலையடியில் ஓர் அரசாங்க மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். தண்ணீர் மருந்து வாங்க நோயாளிதான் போத்தல் கொண்டுவர வேண்டும். இலவச வைத்தியம் சனங்களுக்கு எந்த அளவில் போய்ச் சேருகிறது என்று பார்த்து மேலிடத்துக்கு எழுதவே டொக்டர் வந்திருந்தார். ஊசி, கட்டில், கிணறு என்று எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்தார். குறை அகப்படவில்லை. எங்கள் பதிவேட்டின்படி வந்த எல்லோருக்கும் மருந்து கிடைத்திருந்தது. மாத்தளை டவுனுக்கு மாற்றம் கேட்டிருந்த எனக்கு, அவர் எங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் வாசல் கேட்டருகே சத்தம் கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்த ஒரு பெண், தோளில் பிள்ளையோடு நின்றாள்.

"ஐயா, வர்ற வழியில போத்தல் ஒடஞ்சு போச்சுங்க. புள்ளைக்கு மேலு கொதிக்குதுங்க."

"போத்தல் இல்லாம உள்ள வர ஏலாது. போய் எடுத்துக்கிட்டு வா" என்றார் எங்கள் அட்டெண்டன்.

அவள் திரும்பி நடந்தாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போத்தலுக்குச் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தானே, அது மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. "என்ன போத்தல்?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னால் என் மாற்றம் போச்சு. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் மலையேறிவிடும். சொல்லிவிட்டேன்.

"இப்படித் திரும்பிப் போகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?"

எந்தக் கணக்கிலும் இல்லை. உள்ளே வந்தால்தான் எங்களுக்கு நோயாளி.

அவர் ஓடினார், பின்னாலேயே நானும். பாதை வளைவில் அவள் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வலிப்பு. டொக்டரே தூக்கி வந்து ஊசி போட்டார். மாலைவரை ஈரத்துணியால் துடைத்தபடி கட்டிலைவிட்டு அசையவில்லை. பிள்ளை கண் திறந்து தாயைத் தேடி அழுதபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் போத்தல் ஒன்றிலேயே மருந்து ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

எங்களைப் பற்றி அவர் நல்லதாக எழுதவில்லை. மாற்றமும் கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது.

சில வாரம் கழித்து அவள் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பளிச்சென்று கழுவிய போத்தல்.

"ஒங்க போத்தலுங்க ஐயா. என்னையப் போல யாராச்சும் வருவாங்கல்ல."

வாங்கிக் கேட்டருகே வைத்தேன். ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது, வெறுங்கையோடு வருகிறவர்கள் கொண்டுபோய்த் திருப்பித் தருவதற்காக; பிறகு என்னோடு வீட்டுக்கு வந்தது.

இன்று நான் மருந்து வாங்கப் போனால் ஆஸ்பத்திரியில் என்னிடம் யாரும் போத்தல் கேட்பதில்லை. மாத்திரையைக் கடதாசியில் சுற்றித் தருகிறார்கள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் அந்தக் கேட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்களோ, தெரியாது. எந்தக் கணக்கிலும் வராத அவர்களை நினைத்துத்தான் அந்தப் போத்தலில் எதையும் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.